காசு கட்டிவிட்டு வேலைக்குப் போவதா? அமெரிக்கக் கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கிரெடிட்

நீங்கள் ஒரு கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று இருக்கின்றன. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் நிலைமையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்கனைசேஷனல் லீடர்ஷிப் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள், எஃப்-1 எனும் மாணவர் விசா. பக்கத்து ஊரில் ஏழைகளுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் உணவு வங்கி ஒன்றில் இந்த சம்மருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. வாரம் 20 மணி நேரம், 10 வாரம். "சம்பளம் கிடையாது, ஆனால் காலேஜ் கிரெடிட் கிடைக்கும்" என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிரெடிட் என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் பட்டக் கணக்கில் சேரும் அலகு. கல்லூரியில் விசாரித்தால் அந்த கிரெடிட்டுக்கு நீங்கள்தான் ஃபீஸ் கட்ட வேண்டும் என்கிறார்கள். கரூரில் கடை வைத்திருக்கும் அப்பாவோ, "கூலி கொடுத்து ஆள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், கூலியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்கிறார். ஆக, கிரெடிட்டை உண்மையில் யார் தருகிறார்கள், அதற்குப் பணம் கட்டுவது தகுமா, விசாவுக்குப் பிரச்சினை வருமா என்பவைதான் உங்கள் கேள்விகள். மூன்றாவதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

மிட்வெஸ்ட்டில் இதே மாதிரி ஒரு துறையில் 14 வருடமாக இன்டர்ன்ஷிப் பாடத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, மாணவர்கள் வாராவாரம் எழுதி அனுப்பும் குறிப்புகளைப் படிப்பது, நடுவில் ஒருமுறை வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது, கடைசியில் கிரேடு போடுவது எல்லாம் என் தலையில்தான். நான் வக்கீல் இல்லை. விசா பற்றிக் கீழே எழுதியிருப்பது விதியில் உள்ளதும் என் கண்முன் நடந்ததும் மட்டுமே. உங்கள் ஐ-20 (விசாவுக்கு அடிப்படையாகக் கல்லூரி தரும் சான்றுத் தாள்) உங்கள் கல்லூரியின் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி, கையில் இருக்கிறது. நான் சொல்வதும் அவர் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உணவு வங்கியால் கிரெடிட் தர முடியாது. எந்த நிறுவனத்தாலும் முடியாது. "எங்களிடம் வந்தால் கிரெடிட் கிடைக்கும்" என்று விளம்பரம் போடுவது, "எங்கள் மண்டபத்தில் கல்யாணம் வைத்தால் பிள்ளை பிறக்கும்" என்று மண்டபத்துக்காரர் சொல்வது மாதிரி. இடம் அவருடையது, மற்றது அவர் கையில் இல்லை. கிரெடிட் தருவது உங்கள் கல்லூரி. அதுவும் நீங்கள் முன்கூட்டியே ஒரு பாடமாகப் பதிவு செய்து, ஒரு பேராசிரியர் பொறுப்பேற்று, நீங்கள் எழுதித் தருவதைப் படித்து கிரேடு போட்டால்தான்.

ஒரு கிரெடிட் என்பது எவ்வளவு வேலை? இதற்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வித்துறை விதியிலேயே அளவு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும், சுமார் 15 வாரத்துக்கு. பெருக்கிப் பார்த்தால் 45 மணி நேரம் வரும். ஆய்வகம், இன்டர்ன்ஷிப் போன்றவற்றுக்கும் இதற்குச் சமமான வேலை இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதனால்தான் பெரும்பாலான கல்லூரிகள் ஒரு கிரெடிட்டுக்கு 40 முதல் 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்கின்றன. உங்களுடையது மொத்தம் 200 மணி நேரம். 50 என்று வைத்தால் 4 கிரெடிட், 40 என்று வைத்தால் 5. ஆனால் ஒரு செமஸ்டருக்கு இத்தனைக்கு மேல் கூடாது, பட்டத்துக்கு மொத்தம் இத்தனைதான் கணக்கில் சேரும் என்று ஒவ்வொரு துறையும் வரம்பு வைத்திருக்கும். உங்கள் துறையின் பாட விவரப் புத்தகமான கேட்டலாகைத் திறந்து பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊரில் படிக்கும் சித்தப்பா பையனோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு அளவு.

மணிக்கணக்கை வைத்துப் படிப்பை அளக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு விசித்திரமான கதை உண்டு. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பணம் ஒதுக்கினார். அதற்காக அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை 1906 இல் சட்டப்படி பதிவானது. ஓய்வூதியம் வேண்டுமானால் மாணவர் சேர்க்கைக்கு இந்த மணிக்கணக்கைப் பின்பற்றுங்கள் என்று அது கல்லூரிகளுக்கு நிபந்தனை போட்டது. வாத்தியார்களின் பென்ஷனுக்காக வந்த கணக்கு மாணவர்கள் தலையில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. அதே 1906 இல்தான் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், பொறியியல் மாணவர்களைக் கொஞ்ச காலம் வகுப்பிலும் கொஞ்ச காலம் ஆலையிலும் மாற்றி மாற்றி அமர்த்தும் 'கோ-ஆப்' முறையைத் தொடங்கினார். இன்றைய இன்டர்ன்ஷிப்புக்கு அவர்தான் தாத்தா. ஷ்னைடரின் மாணவர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

லீடர்ஷிப் என்று தனியாக ஒரு படிப்பு வந்தது வெகு பிற்பாடு. ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெப்சன் கல்லூரி 1992 இல் மாணவர்களைச் சேர்த்தது. இதற்கென்றே ஏற்பட்ட முதல் இளங்கலைக் கல்லூரி அது. ஆரம்பத்திலிருந்தே இந்தத் துறைக்கு ஒரு சங்கடம் உண்டு. சிவில் படிக்கிறவன் சம்மர் முடிந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டுவான். அக்கவுண்டிங் படிக்கிறவள் தான் சரிபார்த்த கணக்கைக் காட்டுவாள். லீடர்ஷிப் மாணவர் எதைக் காட்டுவார்? "தலைமை தாங்கினேன்" என்று எழுத முடியாது, ஏனென்றால் இன்டர்னை யாரும் தலைமை தாங்க விடுவதில்லை. பெட்டி தூக்கச் சொல்வார்கள். எக்செல் தாளில் பெயர்களை அடிக்கச் சொல்வார்கள். காபி தீர்ந்துவிட்டால் கண்கள் உங்கள் பக்கம்தான் திரும்பும். பத்து வாரம் இப்படியே போய்விட்டு, கடைசி அறிக்கையில் "என் தொடர்புத்திறன் வளர்ந்தது, குழுவாகச் செயல்படக் கற்றேன்" என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் வருடத்துக்குப் பாதிப் பேர். அந்த வரிகளை நான் வேலை ஆரம்பிக்கும் முன்பே, ஒப்பந்தத் தாளிலேயே பார்த்துவிடுவேன். அப்போதே திருப்பிக் கொடுத்தும்விடுவேன்.

நன்றாகச் செய்த ஒரு பெண்ணின் தாளைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு நேரடியாக உதவும். அவளுக்கும் உணவு வங்கிதான், ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடப்பது. 'கற்றுக்கொள்ள நினைப்பது' என்ற இடத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: தன்னார்வலர்களுக்குச் சம்பளமும் இல்லை, அவர்களை வேலையை விட்டு நீக்கவும் முடியாது, அப்படியிருக்க, ஒருங்கிணைப்பாளர் எதை வைத்து அவர்களிடம் வேலை வாங்குகிறார்? உடனே கையெழுத்துப் போட்டேன். நான்காவது வாரக் குறிப்பில் ஒரு விஷயம் வந்தது. வியாழக்கிழமைப் பட்டியலில் 11 பெயர் இருக்கும், வருவது ஆறு பேர். மற்ற நாட்களில் அப்படி இல்லை. அவர்களுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்று நினைத்து ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் காரமாகவே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். வராதவர்களுக்கு இவள் ஒவ்வொருவராகப் போன் போட்டுப் பேசியிருக்கிறாள். காரணம் என்னவென்றால், வியாழக்கிழமைதான் லாரி வரும் நாள். பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். பெட்டி இறக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம், எனவே வராமலே இருந்துவிடுகிறார்கள். காபி நேரத்தில் இவள் இதைச் சொல்ல, அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர் பட்டியலை இரண்டாகப் பிரித்தார்: இறக்குகிறவர்கள் தனி, மேஜையில் உட்கார்ந்து பிரித்து அடுக்குகிறவர்கள் தனி. ஒன்பது பேர், பத்துப் பேர் என்று வர ஆரம்பித்தார்கள்.

நான் அவளுக்கு ஏ கொடுத்தது இதற்காக இல்லை. அதே குறிப்பின் கடைசியில், "நான் சொன்ன யோசனை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் சொன்னதாக அவர் சொல்லியிருந்தால், இருபது வயதுப் பெண் தங்கள் முதுகுவலியைப் பற்றி விவாதித்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று எழுதியிருந்தாள். பதவியில்லாதவர் எப்படிச் செல்வாக்குச் செலுத்துகிறார், ஒருவருடைய மானத்தைக் காப்பாற்றி எப்படி வேலை நடக்கிறது என்பதெல்லாம் எங்கள் துறையின் பாடப்புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. அவள் அதை ஒரு வியாழக்கிழமையில் பார்த்துவிட்டாள். கிரெடிட் என்பது இந்தப் பார்வைக்கும் எழுத்துக்கும்தான். 200 மணி நேரம் உழைப்பது வாசலைத் தாண்டுவதற்கு மட்டும்.

மற்ற நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள், அங்கே உங்களை மேற்பார்க்கிறவர், பேராசிரியர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வாரக் குறிப்பு, நடுவில் ஒரு சந்திப்பு, மேற்பார்வையாளரின் மதிப்பீடு, கடைசியில் ஒரு கட்டுரை. பல இடங்களில் கிரேடு கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். அப்படியானால், பாஸ் ஆகும்போது உங்கள் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) ஏறாது, இறங்கவும் செய்யாது.

இனி பணம். அப்பா சொல்வது பாதி சரி. நீங்கள் பணம் கட்டுவது உணவு வங்கிக்கு இல்லை, கல்லூரிக்கு. இளங்கலைப் பட்டத்துக்குச் சாதாரணமாக 120 கிரெடிட் வேண்டும். அதில் உங்களுக்கு இன்னும் மூன்று குறைகிறது என்றால், அந்த மூன்றை எந்தப் பாடத்தில் எடுத்தாலும் பணம் கட்டத்தான் போகிறீர்கள். இன்டர்ன்ஷிப்பாக எடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எல்லாம் நிரம்பிவிட்டது, இது 121, 122, 123 ஆகப் போய் உட்காரப் போகிறது என்றால், அப்பா முழுக்கச் சரி. எனவே ஃபீஸைப் பற்றி யோசிக்கும் முன் எந்தப் பாடம் பட்டத்தின் எந்தத் தேவைக்குச் சேர்கிறது என்று காட்டும் உங்கள் டிகிரி ஆடிட்டைத் திறந்து பாருங்கள். இதைப் பார்க்காமலே சம்மரில் மூன்று கிரெடிட்டுக்குக் கட்டிவிட்டு, அது எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை என்று மார்ச்சில் வந்து நிற்கிறவர்கள் உண்டு.

எப்போது பதிவு செய்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஃபால் (இலையுதிர்கால), ஸ்ப்ரிங் (வசந்தகால) செமஸ்டர் இரண்டிலும் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். சம்மரில் மட்டும் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனித்தனியாக. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு கிரெடிட் 900 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மூன்றுக்கு 2,700. அதோடு சம்பளமில்லாத பத்து வாரத்துக்கு வாடகையும் சாப்பாடும். இதே வேலையை ஃபாலில் செய்தால், 12 கிரெடிட் எடுத்துக்கொண்டிருக்கிற நீங்கள் 15 ஆக்கிக்கொள்ளலாம், கட்டணம் ஏறாது. 200 மணி நேரத்தை 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 13, 14 மணி நேரம். வகுப்போடு சேர்த்துக் கஷ்டம்தான், ஆனால் முடியும். உணவு வங்கி சம்மரோடு மூடிவிடுவதில்லை. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வரும்போதுதான் அவர்களுக்கு ஆளே வேண்டியிருக்கும். கேட்டுப் பாருங்கள். சம்மர்தான் என்றால், அதே பாடத்தை ஒரு கிரெடிட்டாக எடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பல துறைகளில் இந்தப் பாடம் 1 முதல் 6 கிரெடிட் வரை நாமே தேர்ந்தெடுக்கும் மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, மாணவர்களிடமும் சில பேராசிரியர்களிடமும்கூட ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: கிரெடிட் வாங்கினால் சம்பளம் வாங்கக் கூடாது என்று. அப்படி மத்திய சட்டம் எதுவும் இல்லை. சில துறைகளின் பழைய வழக்கம், அவ்வளவுதான். உணவு வங்கியிடம் முழுச் சம்பளம் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு சிறு தொகை, குறைந்தபட்சம் பெட்ரோல் செலவாவது கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படும் பழக்கத்தை நாம் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடுகிறோம். சம்பளம் வாங்கிய இன்டர்ன்களுக்குப் பிறகு வேலை வாய்ப்பு அதிகம் கிடைக்கிறது என்று கல்லூரிகள் மற்றும் முதலாளிகளின் தேசியச் சங்கமான நேஸ் எடுக்கும் கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். சம்பளம் கொடுக்க முடிகிற இடம்தான் ஆளும் எடுக்க முடிகிற இடம். எது எதற்குக் காரணம் என்று அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

சம்பளம் தராதவர்கள் ஏன் கிரெடிட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள் என்று யோசித்தீர்களா? லாப நோக்குள்ள கம்பெனி ஒருவரைச் சும்மா வேலை வாங்கினால் 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தர நிர்ணயச் சட்டம் குறுக்கே வரும். ஒரு படத்தின் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்த இன்டர்ன்கள் பாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், இதில் முதன்மையாகப் பயனடைவது யார், இன்டர்னா கம்பெனியா என்று பார்க்க வேண்டும் என 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கு ஏழு அம்சங்களைக் கொடுத்தது. 2018 ஜனவரியில் தொழிலாளர் துறையும் அதையே ஏற்றுக்கொண்டது. அந்த ஏழில் ஒன்று, இந்த வேலை படிப்போடு இணைந்ததா, கிரெடிட் உண்டா என்பது. ஆக, நீங்கள் கல்லூரிக்குக் கட்டும் ஃபீஸ் கம்பெனிக்குக் குடையாகிறது. ஆனால் ஏழில் எந்த ஒன்றும் தனியாக முடிவு செய்யாது. கிரெடிட் இருக்கிறது என்பதற்காகவே சம்பளமில்லாத வேலை சட்டப்படி சரியாகிவிடாது. உங்களுடையது அறநிறுவனம் என்பதால் இந்தத் தலைவலி குறைவு. அறநிறுவனங்களில் எதையும் எதிர்பார்க்காமல் தன்னார்வமாக உழைப்பதைச் சட்டம் பொதுவாக அனுமதிக்கிறது.

இப்போது விசா. எஃப்-1 மாணவருக்கு கிரெடிட்டின் உண்மையான மதிப்பு இங்கேதான். கல்லூரிக்கு வெளியே பயிற்சி வேலை செய்ய உங்களுக்கு வேண்டியது சிபிடி என்ற, படிக்கும்போதே பெறும் பயிற்சி அனுமதி. அது பாடத்திட்டத்தின் ஒருங்கிணைந்த பகுதியாக இருக்க வேண்டும் என்கிறது விதி. கட்டாயப் பாடமாக இல்லாத இன்டர்ன்ஷிப்பை அப்படிக் காட்ட வழக்கமான வழி, அதை கிரெடிட் உள்ள பாடமாகப் பதிவு செய்வதுதான். ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்க வேண்டும்; உங்களுக்கு முடிந்துவிட்டது. வேலை உங்கள் மேஜரோடு (முதன்மைப் பாடத்தோடு) நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். லீடர்ஷிப் உங்கள் மேஜர் என்பதால் தப்பித்தீர்கள். இதைப் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு மேஜர் கம்ப்யூட்டர் சயின்ஸ், லீடர்ஷிப் மைனராக (துணைப் பாடமாக) மட்டும் இருக்கும். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் வேலையை மைனரைக் காட்டி சிபிடிக்குக் கொண்டுபோக முடியாது. அதே உணவு வங்கிக்கு டேட்டாபேஸ் கட்டிக்கொடுக்கும் வேலையாக இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

அனுமதி ஐ-20 இல் ஏறும். அதில் இடத்தின் பெயர், ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, பகுதிநேரமா முழுநேரமா என்பதெல்லாம் இருக்கும். வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேரம். நீங்கள் சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். "இந்த வாரம் லாரி இரண்டு வருகிறது, நாலு மணி நேரம் கூட இருங்கள், அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம்" என்று அன்பாகக் கேட்பார்கள். சராசரி பார்த்துச் சரிக்கட்டும் ஏற்பாடு இதில் இல்லை. முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், அல்லது 18 என்று ஒப்பந்தம் போடுங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தை எட்டினால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி (பெரும்பாலும் படித்து முடித்தபின் வேலை செய்யப் பெறும் அனுமதி) போய்விடும். பகுதிநேரத்துக்கு அந்தப் பயம் இல்லை. லீடர்ஷிப் பட்டங்கள் சாதாரணமாக ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராதவை. ஸ்டெம் நண்பர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், எனவே இருக்கும் 12 மாத ஓபிடியைப் பொன்போலக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஐ-20 இல் உள்ள பாடப்பிரிவுக் குறியீட்டை டிஎஸ்ஓவிடம் காட்டினால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

"சம்பளம்தான் இல்லையே, சிபிடி எதற்கு?" என்று கேட்பீர்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் போல சனிக்கிழமை போய்ப் பை கட்டிக்கொடுத்தால் அது தன்னார்வம். பதவிப்பெயர், நேர அட்டவணை, மேற்பார்வையாளர், கிரெடிட் என்று வந்துவிட்டால் அது பயிற்சி. இரண்டுக்கும் நடுவில் கோடு எல்லாச் சந்தர்ப்பத்திலும் தெளிவாக இருக்காது, கல்லூரிக்குக் கல்லூரி பார்வையும் மாறும். என் வழக்கம் சுலபமானது: கிரெடிட்டுக்குப் பதிவு செய்கிற எஃப்-1 மாணவரை சிபிடி கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

இதில் நான் பட்ட ஒரு பாடமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டான். சிபிடி தேதி வியாழக்கிழமையிலிருந்து. நடுவில் மூன்று நாள். "ஓரியன்டேஷன்தானே சார், வேலை ஒன்றும் செய்யவில்லை" என்றான். டிஎஸ்ஓவால் தேதியைக் கடந்துபோன நாளுக்கு மாற்றிப் போட முடியாது, யாராலும் முடியாது. அவன் வக்கீலைப் பார்க்க வேண்டியதாயிற்று, அந்த சம்மர் முழுக்கத் தூக்கமில்லை. இதில் சொல்ல வெட்கமாக இருக்கும் பகுதி என்னவென்றால், அவனுடைய படிவம் கையெழுத்துக்காக நான்கு நாள் என் மேஜையில்தான் கிடந்தது. நான் ஊரில் இல்லை. எனவே உங்கள் பேராசிரியர் நல்லவராக இருந்தாலும் படிவத்தை அவரை நம்பி விட்டுவிடாதீர்கள். நேரில் போய் நின்று வாங்குங்கள். புது ஐ-20 கையில் வந்து, அதில் உள்ள தேதி விடிந்த பிறகுதான் அந்த இடத்தில் கால் வைக்க வேண்டும்.

கிரெடிட்டுக்குப் பதிவு செய்வதில் பலர் யோசிக்காத இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. சம்பளம் வாங்காத ஒரு மாணவி தன் இன்டர்ன்ஷிப்பில் நடந்த பாலியல் தொந்தரவை எதிர்த்து நியூயார்க்கில் தொடுத்த வழக்கில், சம்பளம் இல்லாததால் அவர் ஊழியரே இல்லை, எனவே மத்திய வேலைவாய்ப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று 1997 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. 2013 இல் ஒரிகனும் 2014 இல் நியூயார்க்கும் தங்கள் மாநிலச் சட்டத்தை மாற்றிக்கொண்டன. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. பாடமாகப் பதிவு செய்திருந்தால், ஏதாவது நடந்தால் போன் போட உங்களுக்குக் கல்லூரியில் ஒரு ஆள் இருக்கிறார், கல்லூரிக்கும் பொறுப்பு இருக்கிறது. நான் நடுவில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது அதற்காகவும்தான்.

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. வேலைக்கு எடுக்கிறவர்கள் டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பட்டியலில்) மூன்று கிரெடிட் இருக்கிறதா என்று பார்ப்பதை நான் பார்த்ததில்லை. என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறார்கள். வேறு கல்லூரிக்கு மாறினால் இந்த கிரெடிட் கூடவே வருமா என்றால், பல இடங்களில் வராது. மேற்பார்வை எப்படி அமையும் என்பது பேராசிரியரைப் பொறுத்தது. வாரக் குறிப்பைத் திறந்தே பார்க்காமல் கடைசியில் 'பாஸ்' போடுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறோம். அப்படிப்பட்டவர் கையில் மாட்டினால் நீங்கள் கட்டிய பணத்துக்கு ஒரு வரி பதில்கூட வராது. போன வருடம் அவரிடம் எடுத்த யாரையாவது பிடித்து, "குறிப்புக்குப் பதில் எழுதுவாரா?" என்று மட்டும் கேளுங்கள்.

செய்து முடித்த பிறகு கிரெடிட் கேட்பது நடக்காது. செப்டம்பரில் பாராட்டுக் கடிதத்தோடு வந்து நிற்கிறவர்களுக்கு நான் டீ வாங்கிக்கொடுப்பேன், கிரெடிட் தர முடியாது. எனவே இந்த வாரமே டிகிரி ஆடிட்டைப் பாருங்கள், டிஎஸ்ஓவுக்கு எழுதுங்கள். உணவு வங்கியிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன வேலை, எந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வாரம் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை. கேட்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். அறநிறுவனம் என்றால் அதற்கு ஒரு நிர்வாகக் குழு இருக்கும், மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை கூடும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பார்களா? பேச வேண்டாம். யார் முதலில் பேசுகிறார், ஓட்டுப் போடும் முன் யார் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், பணம் கொடுத்தவர் வாயைத் திறந்தால் அறை எப்படி மாறுகிறது என்று பார்த்து எழுதினாலே உங்கள் கடைசிக் கட்டுரை பாதி முடிந்துவிடும். கூட்டம் ஜூனிலா ஆகஸ்டிலா என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஆரம்பத் தேதியையும் முடிவுத் தேதியையும் வைத்து சிபிடிக்கு எழுதுங்கள். ஐ-20 இல் ஏறிய பிறகு மாற்றுவது பெரிய தொல்லை.